பிறந்த நிறையிலிருந்து கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் வரை: பதின்ம வயதுப் பிள்ளைக்கு எதை, எப்போது பார்க்க வேண்டும்

அலுமாரி மேல்தட்டில் பொலித்தீன் பைக்குள் கிடக்கும் இரண்டு பதிவேடுகளை முதலில் கீழே இறக்குங்கள். ஒன்று, கர்ப்ப காலத்தில் கிளினிக்குக்குக் கொண்டுபோன எச் 512 அட்டை. மற்றது, பிள்ளை பிறந்தபின் தரப்பட்ட சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேடு. தடுப்பூசியும் பாடசாலை அனுமதியும் முடிந்த பிறகு இவற்றை யாரும் திறப்பதில்லை. ஆனால் பதின்மூன்று, பதினாறு வயதுப் பிள்ளையின் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் கைக்கு வரும்போது, அதிலுள்ள சில எண்களை விளங்கிக்கொள்ள இந்த அட்டைகளும் உதவும்.

பிறக்குமுன் நடந்தவை பதின்ம வயதுக் கொலஸ்ட்ரோலைத் தனியே பெரிதாக ஏற்றிவிடுவதில்லை. பிள்ளை பிறகு போடும் நிறையையும் குடிக்கும் சீனியையும் அந்த உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அவை ஓரளவு முன்கூட்டியே வகுத்துவிடுகின்றன. ஒரே வீட்டில் ஒரே சோறு சாப்பிடும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ரிப்போர்ட் வேறு வேறாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அட்டையை வாசித்து, பரிசோதிக்க வேண்டிய வயதைத் தீர்மானித்து, வந்த எண்களைச் சரியான அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கருவில் என்ன நடக்கிறது

கருவுக்கு வரும் உணவும் ஒட்சிசனும் போதாமல் போனால் அது மூளையைத்தான் முதலில் காப்பாற்றும். குருதியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, ஈரலுக்கும் சதைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் பங்கைக் குறைத்துவிடும். எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரோலைக் குருதியிலிருந்து இழுத்தெடுப்பது பெரும்பாலும் ஈரலின் வேலை. வளர வேண்டிய வாரங்களில் வளராமல் போன ஈரல் பிற்காலத்தில் அந்த வேலையில் பின்தங்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சதை குறைந்து பிறக்கும் பிள்ளையில் இன்சுலினின் வேலையும் மந்தமாகும். அப்போது குருதியிலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைட் ஏறும், நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல். இறங்கும்.

இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் டேவிட் பார்க்கர் குழுவினர் 1986இலும் 1989இலும் வெளியிட்ட ஆய்வுகள்தான் இந்தச் சிந்தனையைப் பரவலாக்கின. ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பழைய பிரசவப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, குறைந்த நிறையோடு பிறந்த ஆண்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது அதிகமாக இருந்தது. நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது கருவின் முதல் மாதங்களில் இருந்தவர்களிடம், ஐம்பது வயதை ஒட்டி எடுத்த பரிசோதனையில் எல்.டி.எல்.லுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் பாதகமாக இருந்தது. கருவின் எந்த மாதத்தில் பட்டினி நேர்ந்தது என்பதும் முக்கியம் என்று அதிலிருந்து தெரிந்தது.

நம் பிராந்தியத்துக்கு இன்னும் நெருக்கமான தகவல் புனேயிலிருந்து வந்தது. அங்கே கிராமப்புறத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. ஆனால் அந்த மெலிந்த குழந்தைகளின் முதுகுத் தோலின் கீழிருந்த கொழுப்பு அதே அளவுக்குக் குறையவில்லை. சதைதான் குறைந்திருந்தது. தெற்காசியரில் ஆள் மெலிவாகத் தெரிந்தாலும் ட்ரைகிளிசரைட் கூடியும் எச்.டி.எல். குறைந்தும் வருவதற்கு வேர் இங்கேயும் இருக்கிறது. “பிள்ளை ஒல்லிதானே, அவனுக்கு எதற்கு கொலஸ்ட்ரோல் பார்ப்பது” என்று வெள்ளவத்தை வீடுகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் சொல்லப்படும் ஆறுதல் நம் உடல்வாகுக்குப் பொருந்தாது.

அளவையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண் பயம் வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பிறந்த நிறையில் 1 கிலோ வித்தியாசத்துக்கு மொத்தக் கொலஸ்ட்ரோல் மாறுவது டெசிலீற்றருக்கு சுமார் 2 மில்லிகிராம் மட்டுமே. 2.3 கிலோவில் பிறந்ததற்காக எந்தப் பிள்ளையின் எல்.டி.எல்.லும் 180 ஆவதில்லை. அப்படி வந்தால் காரணம் வேறு, பெரும்பாலும் பரம்பரை.

அட்டையில் எந்த வரிகளைப் பார்ப்பது

பிறந்த நிறையையும் பிறந்த வாரத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் குறைநிறை. ஆனால் 35ஆவது வாரத்தில் 2.4 கிலோவில் பிறந்த பிள்ளை அந்த வாரத்துக்குச் சரியான நிறையோடுதான் பிறந்திருக்கிறது. 39ஆவது வாரத்தில் அதே 2.4 கிலோ என்றால் கருவுக்குள் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. கொழுப்பு விஷயத்தில் கவனம் வேண்டியது இரண்டாவது பிள்ளைக்கு. மறுபக்கம், 4 கிலோவைத் தாண்டிப் பிறந்த பிள்ளையையும் “கொழுகொழு” என்று மகிழ்ந்து விட்டுவிடக் கூடாது. தாயின் சீனி அளவு அதிகமாக இருந்ததன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஆகவே அடுத்துத் தேட வேண்டியது சீனிப் பரிசோதனையின் பெறுபேறு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையில், உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அளவுப்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. தாயின் குருதியில் கூடிய குளுக்கோஸ் தொப்புள்கொடி வழியே போகும், கருவின் கணையம் அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும், அந்த இன்சுலின் கருவிலேயே கொழுப்பைச் சேர்த்துவைக்கும். இந்தப் பிள்ளைகளில் பதின்ம வயதில் வயிற்றுப் பருமனும், அதோடு ட்ரைகிளிசரைட் உயர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

தாயின் முதல் கிளினிக் நிறை, உயரம், கர்ப்ப காலத்தில் கூடிய நிறை மூன்றும் அதே அட்டையில் இருக்கும். பருமனோடு கர்ப்பமான தாயின் பிள்ளைக்குப் பருமன் வரும் வாய்ப்பு அதிகம். இதில் கருவறையின் பங்கு எவ்வளவு, வீட்டுச் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம், பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை.

தாய்க்கு உயர் குருதி அமுக்கம் இருந்ததாக அட்டையில் பதிவாகியிருந்தால், பிள்ளையின் கொலஸ்ட்ரோலைவிட அதன் குருதி அமுக்கத்தையே கவனிக்க வேண்டும். பரிசோதனைக்குப் போகும்போது கையில் பட்டி கட்டி அளக்கச் சொல்லுங்கள்.

புகையைப் பற்றி அட்டையில் வரி இருக்காது, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். சிட்னியில் 8 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், தாய் கர்ப்ப காலத்தில் புகைத்திருந்த பிள்ளைகளின் எச்.டி.எல். சராசரி 51, மற்றப் பிள்ளைகளுடையது 58. நம் வீடுகளில் தாய் புகைப்பது அரிது. தகப்பன் பல்கனியில் நின்று புகைத்த அபார்ட்மென்ட் வீடுகளோ ஏராளம். பிறகும் அந்தப் புகை தொடர்ந்தால் இன்றே நிறுத்தச் செய்ய வேண்டியது அதைத்தான்.

கடைசியாக, அட்டையில் இல்லாத இன்னொன்று: தாய்க்கு ஏற்கனவே கொலஸ்ட்ரோல் அதிகமா என்பது. இத்தாலியில் 1999இல் வெளியான ஆய்வொன்றில், விபத்து போன்ற காரணங்களால் இறந்த சிறுவர்களின் பெருநாடியைப் பரிசோதித்தார்கள். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரோல் அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் கொழுப்புப் படிவுகள் வேகமாக வளர்ந்திருந்தன. அந்தப் பிள்ளைகளின் சொந்தக் கொலஸ்ட்ரோல் வழமையான அளவிலேயே இருந்தது. எனவே தாய்க்கு இந்தக் குறை இருந்தால், பிள்ளையின் முதல் ரிப்போர்ட் நன்றாக வந்தாலும் கண்காணிப்பை விட்டுவிட வேண்டாம்.

எச் 512 தொலைந்திருந்தால் பிரசவ வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டைத் தேடுங்கள். நிறையும் வாரமும் பெரும்பாலும் அதில் இருக்கும். இவற்றையெல்லாம் தாயின் மேல் பழிபோடும் சாட்சியாக மாமியாரோ கணவரோ எடுக்கக் கூடாது. கருவின் வளர்ச்சி குறைவதற்குச் சூல்வித்தகக் (நச்சுக்கொடி) கோளாறு, தொற்று, குருதிச்சோகை, தாயே சிறுமியாக இருந்த காலத்துப் போசாக்கு என்று பல காரணங்கள் உண்டு.

ஐந்து வயது வரையான கோடு

பிறந்த நிறையைவிட அதிகம் பேசுவது அதற்குப் பின் வரும் வளர்ச்சிக் கோடு. விருத்திப் பதிவேட்டின் நிறை வரைபடத்தில் புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். குறைநிறையில் பிறந்த பிள்ளை முதல் சில மாதங்களில் கொஞ்சம் எட்டிப்பிடிப்பது நல்லதுதான். கவலை தருவது, இரண்டு வயதுக்குப் பிறகு கோடு ஒரு பட்டையைத் தாண்டி அடுத்த பட்டைக்கு மேலேறிக்கொண்டே போவது. சிறிய ஈரலும் குறைந்த சதையும் கொண்ட உடலில் கொழுப்பு மட்டும் வேகமாக ஏறும்போதுதான் பிற்கால ரிப்போர்ட் கெடுகிறது. மெலிந்து பிறந்த பேரப்பிள்ளையைத் “தேற்ற” பாலில் சீனியும் பிஸ்கட்டும் கரைத்துக் கொடுத்த அம்மம்மாவின் அன்பு எந்த மாதத்தில் தொடங்கியது என்பதை அந்தக் கோட்டிலேயே காணலாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பொதுவாகப் பிள்ளைகளின் உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பீ.எம்.ஐ. எண்) ஒரு வயதுக்குப் பிறகு இறங்கி, 5–6 வயதில் மறுபடி ஏறத் தொடங்கும். அந்த ஏற்றம் 5 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் பதின்ம வயதில் பருமன் வரும் வாய்ப்பு அதிகம்.

எப்போது பரிசோதிப்பது

அமெரிக்காவின் 2011 சிறுவர் வழிகாட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் 9–11 வயதில் ஒருமுறை, 17–21 வயதில் ஒருமுறை என்கிறது. இடைப்பட்ட காலத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பருவமடையும் ஆண்டுகளில் மொத்தக் கொலஸ்ட்ரோலும் எல்.டி.எல்.லும் 10–20 வீதம் வரை தானாகவே இறங்கும், பிறகு ஏறும். 10 வயதில் 135 ஆக இருந்த எல்.டி.எல். 14 வயதில் 115 என்று வந்தால் வீட்டில் எல்லாரும் “குறைந்துவிட்டது” என்று நிம்மதியடைவார்கள். குறைந்தது பருவ மாற்றத்தால். 17இல் அது திரும்பி வரும். பையன்களுக்கு இதே வயதில் எச்.டி.எல்.லும் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறந்த நிறை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக 13 வயதில் குருதி எடுக்கத் தேவையில்லை. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தால் 12–16 வயதிலும் பரிசோதிக்க வேண்டும்: பெற்றோர், பாட்டன், பாட்டி, மாமன், அத்தை ஆகியோரில் ஆண் 55 வயதுக்கு முன் அல்லது பெண் 65 வயதுக்கு முன் மாரடைப்போ பாரிசவாதமோ கண்டிருந்தால்; தாய் அல்லது தகப்பனின் மொத்தக் கொலஸ்ட்ரோல் 240 அல்லது அதற்கு மேல் இருந்தால்; பிள்ளைக்குப் பருமன், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் இருந்தால். எங்கள் கருத்தில், தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்து, பிள்ளையின் வயிறும் முன்தள்ளியிருந்தால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

வயிற்றை அளக்க ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில் சுற்றி அளவெடுங்கள். உயரத்தின் பாதியை அது தாண்டக் கூடாது. 160 சென்றிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு 80க்கு மேல் வந்தால் பரிசோதனைக்குப் போகலாம். தொப்புளுக்குக் கீழே, களிசான் பட்டி கட்டும் இடத்தில் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

குருதி கொடுக்கும் முன்

12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், சீனி போட்ட பிளேன்டீ கூடாது. இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு காலை 7 மணிக்குக் கொடுப்பது வசதி. பாடசாலை நாளில் அவசரமாக ஓடாமல் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், டெங்கு, வயிற்றோட்டம் எது வந்திருந்தாலும் குறைந்தது 3 வாரம் தள்ளிப்போடுங்கள். நோய்க்குப் பின் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்தும் ட்ரைகிளிசரைட் பொய்யாகக் கூடியும் காட்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுக்கும் பிள்ளையா, ஸ்டீரோயிட் மாத்திரை எடுக்கிறதா என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் கொழுப்பைக் கூட்டும்.

அளவுகோல்தான் பெரும்பாலும் பிழைக்கிறது

லாப் ரிப்போர்ட்டின் வலதுபுறத்தில் அச்சிட்டிருப்பது பொதுவாகப் பெரியவர்களுக்கான எல்லை. 10 முதல் 19 வயதுக்கு எல்லைகள் வேறு. எண்கள் எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்:

மொத்தக் கொலஸ்ட்ரோல்: 170க்குக் கீழே நல்லது, 200 முதல் அதிகம்.
எல்.டி.எல்.: 110க்குக் கீழே நல்லது, 130 முதல் அதிகம்.
எச்.டி.எல். நீங்கிய கொலஸ்ட்ரோல் (மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தது): 120க்குக் கீழே நல்லது, 145 முதல் அதிகம்.
ட்ரைகிளிசரைட்: 90க்குக் கீழே நல்லது, 130 முதல் அதிகம்.
எச்.டி.எல்.: 45க்கு மேல் நல்லது, 40க்குக் கீழே குறைவு.

ரிப்போர்ட் மில்லிமோலில் இருந்தால் கொலஸ்ட்ரோல் எண்களை 38.7ஆலும் ட்ரைகிளிசரைட்டை 88.6ஆலும் பெருக்குங்கள்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்போம். 16 வயதுப் பையன். மொத்தம் 188, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைட் 145. பெரியவர்களின் எல்லையில் மொத்தம் 200க்குக் கீழே, ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழே. எச்.டி.எல்.லுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி விழும். “நோர்மல்தான்” என்று ரிப்போர்ட் பைக்குள் போய்விடும். இப்போது கணக்கைப் போடுங்கள். 188இலிருந்து 38ஐக் கழித்தால் 150, பதின்ம வயது எல்லையான 145ஐத் தாண்டிவிட்டது. ட்ரைகிளிசரைட்டை 5ஆல் பிரித்தால் 29. 188இலிருந்து 38ஐயும் 29ஐயும் கழித்தால் எல்.டி.எல். 121, எல்லைக்கோட்டில் நிற்கிறது. ட்ரைகிளிசரைட் 145 இந்த வயதுக்கு அதிகம், எச்.டி.எல். குறைவு. ஐந்தில் எதுவுமே நல்ல எல்லைக்குள் இல்லை. (ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்த எல்.டி.எல். கணக்கு செல்லாது.)

இந்தப் பையனின் அட்டையில் 2.3 கிலோ, 39ஆவது வாரம் என்று இருந்து, மூன்று வயதிலிருந்து கோடு ஏறியிருந்தால் படம் முழுமையாகிறது. ட்ரைகிளிசரைட் கூடி, எச்.டி.எல். குறைந்து, எல்.டி.எல். நடுத்தரமாக, வயிறு முன்தள்ளியிருப்பது கருவில் தொடங்கி வளர்ச்சியில் முற்றும் வகை. இதற்கு வழி சீனி, நிறை, அசைவு மூன்றிலும்தான்.

வேறொரு படமும் உண்டு. பிள்ளை ஒல்லி, பிறந்த நிறை 3.1 கிலோ, ட்ரைகிளிசரைட் 70, எச்.டி.எல். 50, ஆனால் எல்.டி.எல். 195. அட்டையில் எதைத் தேடினாலும் கிடைக்காது. இது குடும்பவழி உயர் கொலஸ்ட்ரோல், ஏறத்தாழ 250–300 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரைக் குறை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குதிக்காலின் பின்தசைநாரில் தடிப்பு, கண்ணிமையில் மஞ்சள் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். தேங்காய்ப்பாலை நிறுத்தி இதைச் சரிசெய்ய முடியாது. உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகும் எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல், அல்லது குடும்பத்தில் இளவயது மாரடைப்போடு 160 அல்லது அதற்கு மேல் நின்றால், 10 வயதை ஒட்டியே கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை வைத்தியர் யோசிப்பார். பெற்றோர், சகோதரர் எல்லாரும் குருதி கொடுக்க வேண்டும்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2 வாரத்துக்கும் 3 மாதத்துக்கும் இடையில் மறுபடி வெறும் வயிற்றில் எடுத்து, இரண்டின் சராசரியைப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதிகம் என்றால் தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீரில் புரதம், குருதிச் சீனி, ஈரல் நொதிகள் ஆகியவற்றையும் பார்ப்பது வழக்கம். தைரொயிட் குறைவை விட்டுவிட்டுக் கொலஸ்ட்ரோலோடு மல்லுக்கட்டுவது காலவிரயம். ட்ரைகிளிசரைட் 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு, அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். கொழும்பில் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகலாம். போகும்போது இரண்டு பதிவேடுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சமையலறையில் எதைக் குறைப்பது

ட்ரைகிளிசரைட் வகைக்கு முதல் எதிரி சீனி. பாடசாலை விட்டு நேரே ரியூஷனுக்குப் போகும் பிள்ளை பின்னேரம் ஒரு ரோல்ஸும் ஒரு குளிர்பானமும் வாங்கும். போத்தலில் உள்ள நிறப்புள்ளியைப் பார்க்கப் பழக்குங்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான், அதன் 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் 40 கிராம். 2000 கலோரி உணவுக்கு நாள் முழுவதும் சேர்த்து 50 கிராம்தான் உச்ச எல்லை, 25 கிராம் நல்லது. வீட்டுத் தேநீரில் மூன்று கரண்டி வீதம் மூன்று கோப்பை குடித்தால் மிச்ச இடமும் நிறைந்துவிடும்.

எல்.டி.எல். கூடியிருந்தால் நிறைவுற்ற கொழுப்பைக் கணக்கிட வேண்டும். 2000 கலோரிக்கு 22 கிராம் பொது எல்லை, எல்.டி.எல். அதிகமுள்ள பிள்ளைக்கு 15 கிராம் அளவு. தேங்காயில் இந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் எதை வெட்டலாம் என்பது தெரியும். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 12 கிராம். 100 மில்லிலீற்றர் முதற்பாலில் 20 கிராம் அளவு. ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவில் 1.5 கிராம்தான். ஆகவே இடியப்பத்தோடு இரண்டு கரண்டி சம்பலைப் பறிக்கத் தேவையில்லை. சொதியை இரண்டாம் மூன்றாம் பாலில் வைத்து முதற்பாலை விட்டுவிடுங்கள். தாளிக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும், பொரிக்க வேண்டாம். பொரித்த ரோல்ஸ், பெட்டிஸ், கடைக் கொத்து வாரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முழு ஆடைப் பால்மாவைக் கொழுப்பு குறைந்ததாக மாற்றலாம்.

சேர்க்க வேண்டியவை: காலையில் அவித்த கடலை, பயறு, கௌபி இவற்றில் ஒன்று ஒரு கோப்பை. பருப்பை வாரமெல்லாம் வைக்கலாம், பாலில்லாமல் கடைந்து. சாளை, சூடை, நெத்தலி போன்ற சிறுமீன் வாரத்தில் இரண்டு மூன்று நாள், குழம்பாகவோ அவியலாகவோ. இந்த மீன்களின் கொழுப்பு ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவும், பொரித்தால் அந்த நன்மை எண்ணெயில் போய்விடும். நாளுக்கு 60 நிமிட அசைவும் வேண்டும். மரைன் டிரைவில் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தாலும் கணக்கில் வரும். எச்.டி.எல்.லை ஏற்ற உணவைவிட இதுவே கூடுதலாக உதவும். வளரும் பிள்ளையின் நிறையைக் குறைக்க முயல வேண்டியதில்லை. உயரம் ஏறும்போது நிறையை அப்படியே நிறுத்திவைத்தாலே சுட்டி இறங்கும். பட்டினி டயட்டில் விட்டால் சதைதான் கரையும், கருவிலேயே சதை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அது இரட்டை நட்டம். 3 முதல் 6 மாதத்தில் மறுபடி குருதி எடுத்துப் பாருங்கள்.

இப்போது கர்ப்பமாக இருப்பவர்களுக்கு

கர்ப்ப காலத்தில் தாயின் கொலஸ்ட்ரோல் 25–50 வீதம் ஏறும், ட்ரைகிளிசரைட் இரண்டு முதல் நான்கு மடங்காகும். இது இயல்பு. ஏழாம் மாதத்தில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து கொழுப்பை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நோர்வேயில் 2005இல் வெளியான ஆய்வில் கொலஸ்ட்ரோல் குறைக்கும் உணவு தாயின் எண்ணைக் குறைத்தது, குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியில் மாற்றம் தெரியவில்லை. பிள்ளைக்காகக் கவனிக்க வேண்டியவை நிறை, சீனி, புகை ஆகிய மூன்றும்தான்.

“இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்பதைக் கேட்க வேண்டாம். கூடுதல் தேவை நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450. ஒரு முட்டை, ஒரு கோப்பை பால், ஒரு கிண்ணம் அவித்த கடலையோடு அது சரி. சரியான நிறையுள்ள தாய் மொத்தம் 11.5–16 கிலோ கூடுவதும், மெலிந்த தாய் 12.5–18 கிலோவும், பருமனான தாய் 5–9 கிலோவும் பொதுவான அளவு. கிளினிக்கில் உங்களுக்கு வேறு எல்லை குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷா தாய்க்காகத் தரப்படுவது. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் கருவுக்குப் போய்ச் சேராது. சீனிப் பரிசோதனை 24–28 வாரத்தில் தவறக் கூடாது, வேலை விடுமுறை கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடுவது கொழும்பில் அடிக்கடி நடக்கும் தவறு.

சுறாவில் பாதரசம் அதிகம், கர்ப்ப காலத்தில் வேண்டாம். பிள்ளை பிறந்தபின் பால் ஊறும் என்று சொல்லிக் கொடுக்கும் சுறா வறையும் வாரத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் மாதங்களில் குழந்தையின் கொலஸ்ட்ரோல் பால்மாக் குழந்தையைவிடக் கூடுதலாகவே இருக்கும், அதில் தவறேதும் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடித்து வளர்ந்தவர்களுக்கு வளர்ந்தபின் சற்றுக் குறைவாக இருப்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன.

ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருக்கும் பெண் கர்ப்பமாகத் திட்டமிடும்போதே வைத்தியரிடம் சொல்ல வேண்டும், பொதுவாக முன்கூட்டியே நிறுத்துவார்கள். குடும்பவழி உயர் கொலஸ்ட்ரோல் உள்ளவர் தானாக நிறுத்தாமல், மாற்று வழியைக் கேட்டுக்கொண்டு நிறுத்த வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாயின் கொழுப்பளவு உடனே கீழிறங்காது. குறைந்தது 6 வாரம் கழித்து, முடிந்தால் பாலூட்டல் முடிந்தபின், வெறும் வயிற்றில் பரிசோதித்து அந்த எண்ணைத் திகதியோடு பிள்ளையின் விருத்திப் பதிவேட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.